ராஜ்ஷாஹியில் ஒரு பனி மண்வெட்டி

பனி அள்ளும் மண்வெட்டியை மொக்லேஸ் கையால் தொட்டதில்லை. தொடுவது இருக்கட்டும், கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வங்கதேசத்து ராஜ்ஷாஹியில் ஐஸ் என்றால் மீன் சந்தையில் இலிஷ் மீனுக்கு அடியில் கிடப்பதுதான். ஆனாலும் செப்டம்பர் புழுக்கத்தில், கரண்ட் போய், பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், 'இரண்டு குளிர்காலமாக நான் பயன்படுத்திப் பார்த்த பத்து மண்வெட்டிகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையை எழுதி முடித்தான். கூச்சமெல்லாம் அந்த முதல் கட்டுரையோடு தீர்ந்துபோனது.

எல்லாம் தௌஹித் பாய் கொடுத்த தைரியம். ஊருக்குள்ளேயே லக்ஷ்மிப்பூர் பேட்டையில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அவர் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். இணையதளம் தொடங்கு, அமெரிக்காக்காரன் வாங்கும் பொருளைப் பற்றி எழுது, படித்தவன் உன் பக்கம் வழியாகப் போய் வாங்கினால் உனக்குக் கமிஷன். எந்தப் பொருள் என்று தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார் அவர். "உனக்குப் பிடிச்சதை எழுதாதே. உனக்குத் தெரிஞ்சதையும் எழுதாதே. நிறையப் பேர் தேடணும், கொஞ்சப் பேர்தான் எழுதியிருக்கணும். நம்பர் எதைச் சொல்லுதோ அதை எழுது." நம்பர் மொக்லேசுக்குச் சொன்னது பனி மண்வெட்டி. பக்கத்து இருக்கைக்காரனுக்கு நாய்ப் படுக்கை வந்தது. நாய் வீட்டுக்குள் வந்தால் அவன் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள்.

மொக்லேசுக்கு இதில் ஜெயிக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. அவன் மனைவி கோஹினூர் இங்கே இதய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் இரண்டு வருஷம் அவன் டாக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, ஆறு பேர் படுக்கும் மெஸ் அறையில் கிடந்தான். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவான். வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இதற்கு மேல் முடியாது என்றுதான் வேலையை விட்டுவிட்டு மடிக்கணினியோடு இங்கே வந்து உட்கார்ந்தான்.

அவன் அக்கா கணவர் இத்ரிஸுக்கு டாக்காவில் ஒரு ஆபீஸ். ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்கு பட்டனும் ஜிப்பும் பிடித்துக் கொடுப்பார். துலாபாய் என்று இவன் கூப்பிடும் அந்த மனிதர் ஒரு கெடு வைத்திருந்தார். "ரமலான் ஈத் வரைக்கும் உனக்குன்னு ஒரு நாற்காலி காலியா இருக்கும் மாப்ளே. அதுக்கப்புறம் உங்கப்பாவே வந்து கேட்டாலும் கிடையாது." மொக்லேஸும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தான். ஈதுக்குள் தளம் சோறு போடாவிட்டால் மறுபடியும் டாக்கா, மறுபடியும் மெஸ், மறுபடியும் இரண்டு வெள்ளிக்கிழமை.

டிசம்பரில் ஏழெட்டு மண்வெட்டி விற்றது. ஒரு கட்டுரையில், வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்கவும் என்று எழுதித் தொலைத்திருந்தான். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'ஐயா, ஜனவரியில் எந்த வெயிலில்?' கோஹினூர் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கூடவே கொஞ்சம் வடகமும் காயப்போடச் சொல்லியிருக்கலாம்ல?"

ஜனவரி கடைசியில் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. மார்லீன் என்று பெயர். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது, இதயத்தில் பைபாஸ் செய்து ஏழு வாரம் ஆகிறது, வாசல் பனியை நான்தான் அள்ளுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், நீங்கள் அனுபவசாலி, அவருக்கு ஏற்ற எடை குறைந்த மண்வெட்டி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

மொக்லேஸ் அதை வகுப்புக் குழுவில் போட்டான். பத்து நிமிஷத்தில் தௌஹித் பாயின் குரல் பதிவு வந்து விழுந்தது. "தங்கம்டா தம்பி, தங்கம்! இதய நோயாளிக்கு ஏத்த மண்வெட்டின்னு தேடறவன் ஆயிரக்கணக்குல இருக்கான், எழுதினவன் ஒருத்தன் இல்ல. எட்டு மாடல் போடு. இன்னைக்கே போடு."

மூன்று மணிக்கு கோஹினூர் வேலை முடிந்து வந்தாள். வரும் வழியில் வாங்கிய உளுந்து மாவுக் கலாய் ரொட்டியைப் பிரித்து, சுட்ட கத்தரிக்காய் மசியலைத் தொட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அவன் எதிரே நின்று கடிதத்தையும் போடப்போகும் தலைப்பையும் வாசித்துக் காட்டினான். ரொட்டி வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"ஏழு வாரமா?"

"ஆமா. ரொம்ப லேசான மாடலா பாத்து..."

"லேசு என்ன, கனம் என்ன? அந்த மனுஷன் மண்வெட்டியவே தொடக்கூடாது. நெஞ்செலும்பை அறுத்து கம்பி போட்டுக் கட்டியிருக்கும். கட்டில்லேர்ந்து எழும்போது கையை ஊனாதீங்கன்னு தினம் வார்டுல தொண்டை கிழியக் கத்துறேன். நீ அவரைக் குளிர்ல நிக்கவச்சு பனி அள்ளச் சொல்றியா?"

"நான் சொல்லல, அவராத்தான்..."

"உன்னைத்தானே கேக்கறாங்க? நீதான் ரெண்டு குளிர்காலம் பனி அள்ளினவன் ஆச்சே!"

மொக்லேசுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஈதுக்கு இன்னும் ஐம்பது நாள்கூட இல்ல, தெரியுமா? இது ஒண்ணுதான் உருப்படியா மாட்டியிருக்கு. நான் இங்க இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும்" என்றாள் கோஹினூர். கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. "ஆனா ஒரு கிழவரை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழவச்சு அந்தக் காசுல இங்க இருக்க வேண்டாம். அதுக்கு நீ பஸ் ஏறிடு."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதி ரொட்டி தட்டிலேயே இருந்தது.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. நாலு மாதமாக எழுதிய அத்தனை பொய்யும் அந்தப் பெண் 'அனுபவசாலி' என்று எழுதியபோது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது. உட்கார்ந்து மார்லீனுக்குப் பதில் எழுதினான். நான் பனியைப் பார்த்ததே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், என் மனைவி இதய வார்டு நர்ஸ், அவள் சொல்கிறாள்: மூன்று மாதமாவது போகட்டும், அதன் பிறகும் அவருடைய டாக்டர் சரி என்றால்தான், அதுவரை எந்த மண்வெட்டியும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அதையே ஒரு கட்டுரையாகவும் தளத்தில் போட்டான். கீழே ஒரு பொருளுக்கும் இணைப்பு கொடுக்கவில்லை. எழுதி முடித்து கதவைத் தட்டி, "படிச்சுப் பாரு" என்றான். அவள் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் திருத்தி, ஆறிப்போன ரொட்டியைச் சாப்பிட வந்தாள்.

குழுவில் தௌஹித் பாய் கிழித்துத் தோரணம் கட்டினார். "ஹோட்டலைத் திறந்து வச்சு, வாசல்ல பட்டினி கிடங்கன்னு போர்டு மாட்டறான் பாருங்க!" நாற்பது பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள்.

மார்லீனிடமிருந்து நாலாம் நாள் பதில் வந்தது. அப்பா கோபமாக இருக்கிறார், பனியைப் பக்கத்து வீட்டார் அள்ளிவிட்டார்கள். உங்கள் மனைவியிடம் இன்னொன்று கேட்கலாமா? இருமினால் நெஞ்சு பிளப்பதுபோல வலிக்கிறதாம், மல்லாந்து படுக்கவும் முடியவில்லை, டாக்டரிடம் கேட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

கோஹினூர் தலை வாரிக்கொண்டே சொன்னாள். "தலையணையை நெஞ்சோட இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருமணும். முதுகுக்குச் சாய்வா உசத்தி வச்சு படுக்கணும். வலி கூடிக்கிட்டே போனா திரும்பப் போய்க் காட்டணும். இதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது நாங்க சொல்றதுதான். பயத்துல ஒருத்தர் காதுலயும் ஏறாது. வீட்டுக்குப் போனப்புறம்தான் எல்லாக் கேள்வியும் வரும், அப்போ பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க."

சீப்பு அவள் கூந்தலிலேயே நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொக்லேஸ் ஓடிப்போய் கணினியில் தேடினான். பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பின் எப்படிப் படுப்பது, எப்போது குளிப்பது, ஏன் காரணமில்லாமல் அழுகை வருகிறது. தேடுகிறவர்கள் ஏராளம். ஆஸ்பத்திரி பாஷையில் எழுதியவர்கள் உண்டு, வீட்டு பாஷையில் எழுதியவர்கள் மிகக் குறைவு. தௌஹித் பாயின் நம்பர் பொய் சொல்லவில்லை. இவன்தான் அதனிடம் இத்தனை நாள் மண்வெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பழைய கட்டுரைகளை எல்லாம் அழித்துவிட்டு, 'வீட்டுக்கு வந்த பிறகு' என்று புதுத் தளம் தொடங்கினான். முதல் நாள், இரண்டாம் நாள் என்று நாளுக்கு ஒரு பக்கம். கோஹினூர் சொல்லச் சொல்ல இவன் எழுதுவான். ரிக்‌ஷாவில் போகும்போது சொல்வாள், வெங்காயம் உரிக்கும்போது சொல்வாள், திடீரென்று குளியலறைக்குள்ளிருந்து, "ஆறாம் நாள்ல மலச்சிக்கலைச் சேத்தியா?" என்று கத்துவாள். வார்டில் ஒரு டாக்டரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க வைத்தாள். சாய்வுத் தலையணை போல, உண்மையிலேயே தேவைப்படும் பொருளுக்கு மட்டும் இணைப்பு கொடுத்தார்கள். ரமலான் பிறந்தபோது இருபது நாள் எழுதியாகியிருந்தது. தினம் படிக்க வருகிறவர்கள் இருநூறைத் தாண்டினார்கள். கமிஷன் கூடிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வாரத்துக்கு ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கக் காணாது.

வாக்கு வாக்குதான். ஈது கழிந்து மூன்றாம் நாள் டாக்கா போகும் பஸ்ஸுக்கு மொக்லேஸ் ஒரு டிக்கெட் எடுத்து அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தான். கோஹினூர் அந்தக் கண்ணாடியில் தலை வாருவதை விட்டுவிட்டாள். இருபதாம் நாளுக்கு மேல் இருவருக்கும் எழுத ஓடவில்லை.

இருபத்தி நாலாம் நோன்பு அன்று, நோன்பு திறக்க அரைமணி இருக்கும்போது துலாபாய் கூப்பிட்டார். கோஹினூர் பருப்பு வடை பொரித்துக்கொண்டிருந்தாள். மொக்லேஸ் சத்தத்தைப் பெரிதாக்கி அடுப்பு மேடையில் போனை வைத்தான்.

"டிக்கெட் எடுத்துட்டேன் துலாபாய்" என்றான், அவர் கேட்பதற்கு முன்பே.

"அது கிடக்கட்டும். அந்த லிங்க் ஒண்ணு அனுப்பினியே, அதை எழுதினது நிஜமா நீதானா?"

"கோஹினூர் சொன்னது. நான் எழுதினேன்."

"அதானே பாத்தேன். உன் மண்டைக்கு இவ்வளவு விவரம் ஏது?" வழக்கமான சிரிப்பு வரவில்லை. "மாப்ளே, எனக்கு மூணு அடைப்பு. நெஞ்சை அறுக்கணும்னு நவம்பர்லயே சொல்லிட்டாங்க. உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. ரெண்டு தடவை தேதி வாங்கி ரெண்டு தடவையும் போகாம விட்டுட்டேன். அறுக்கிறதை எல்லாரும் சொல்றாங்க. அறுத்துட்டு வீட்டுக்கு வந்து மனுஷன் எப்படிப் படுப்பான், எப்படிக் குளிப்பான், எவன் சொன்னான்? வாரக்கணக்கா உங்களுது படிச்சேன். திரும்பி வந்துடலாம்போலத்தான் இருக்கு. ஈது கழிச்சு அஞ்சாம் நாள் தேதி வாங்கியிருக்கேன். இன்னைக்கு உங்க அக்காகிட்ட சொல்லப்போறேன்."

வடை கருகும் வாசனை வந்தது. மொக்லேஸ் போனருகே குனிந்தான். "நான் வந்து ஆபீஸைப் பாத்துக்கறேன் துலாபாய். நாளைக்கே வரேன்."

"வந்து என்ன கிழிப்பே? சிவப்புப் பட்டனுக்கு நீலப் பட்டனை அனுப்பி என்னைக் கடைத்தெருவுல நிறுத்துவே. அந்த நாற்காலியை வேற பையனுக்குக் கொடுத்தாச்சு. நீ இருக்கிற இடத்துல உக்காந்து எழுது. இருபது நாளோட நிப்பாட்டி வச்சிருக்கே, இருபத்தோராம் நாள் நான் என்ன பண்றதாம்?"

கோஹினூர் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"துலாபாய், உங்க வீட்டுக்கு மாடிப்படி எத்தனை?"

"படியா? இருபத்தெட்டோ என்னமோ. எண்ணினதில்லையேம்மா."

"எண்ணி வைங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஏறணும்ல. மெதுவா எண்ணுங்க. லீவு போட்டுட்டு நான் வரேன்."

போனை வைத்தாள். அலமாரிக்குப் போய், கண்ணாடியில் செருகியிருந்த டிக்கெட்டை உருவி, அவன் கையில் வைத்தாள்.

"இதோட இன்னொண்ணு சேத்து எடு. திரும்பி வர்றதுக்கும் ரெண்டு எடு" என்றாள். "போறதும் ரெண்டு பேரு, வர்றதும் ரெண்டு பேரு."