தாளிப்பு வாசனை இல்லாத சந்து

அஞ்சலை பாலைக் குடித்தாள். எண்ணெயை மட்டும் குடிக்க மறுத்தாள். மர்சலினுக்குப் புரியாதது இதுதான்.

சுறா மீன் எண்ணெய் நாறும், உண்மைதான். ஆனால் நேற்று வரை அதே எண்ணெயை அஞ்சலை கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கிவிட்டு, வெல்லத் துண்டுக்குக் கையை நீட்டியிருக்கிறாள். இன்று வெல்லத்தைக் காட்டியும் உதட்டைப் பிரிக்கவில்லை. அவள் சந்துக் குழந்தைகள் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். கால்வாயின் மறுகரைக் குழந்தைகளோ வழக்கம்போலக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மர்சலினும் நீரஜாவும் பட்டப்படிப்பில் சமூக சேவையைப் பாடமாக எடுத்தவர்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் அவர்கள் கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய பாடம் அது. வாரத்தில் பாதி நாள் வகுப்பு. மீதி நாள் மயிலாப்பூர் கால்வாய்க்கரைக் குப்பத்தில் களப்பணி. அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையில் பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். பால் ஊற்றுவது நீரஜா, எண்ணெய் கொடுப்பது மர்சலின்.

“நான் அந்தப் பாட்டிலைத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்காத்துல என்னைக் கிணத்தடியிலேயே நிறுத்திடுவா. நீயே குடு” என்று முதல் நாளே நீரஜா சொல்லியிருந்தாள்.

மர்சலின் இதைக் குழந்தைப் பிடிவாதம் என்று நினைத்தாள். அவள் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கும் முறை அவளுக்குத் தெரியும்: மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். அப்படியே செய்தாள்.

அஞ்சலை அழவில்லை. துப்பவும் பயந்து, விழுங்கவும் பயந்து நின்றாள். பிறகு ஓடிவிட்டாள். மற்ற குழந்தைகள் மர்சலினின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடியே பின்வாங்கினார்கள்.

மறுநாள் காலை அந்தச் சந்திலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. அண்டாவில் பால் ஆடை கட்டியது.

“போய்ப் பார்க்கலாம்” என்றாள் மர்சலின்.

சந்து முனையில் நீரஜா நின்றுவிட்டாள். மூக்கை உயர்த்தி ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

“ஏண்டி, எல்லா வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுண்டிருக்கு. புகை வருது பார். ஆனா தாளிக்கிற வாசனையே இல்லை.”

“எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரேஷன்ல...”

“ஒரு வீட்டுல இல்லாம இருக்கலாம். சந்து முழுக்கவா?” நீரஜாவின் குரல் தாழ்ந்தது. “எங்காத்துல என் தம்பிக்கு அம்மை போட்டப்போ இப்படித்தான். கடுகு வெடிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அம்மனுக்கு ஆகாதும்பா. பக்கத்தாத்துலகூட எங்களுக்காகத் தாளிக்காம இருந்தா. நீ அந்தக் குழந்தை வாயில எண்ணெயை...”

மர்சலின் தன் கையைப் பார்த்தாள். நேற்று அஞ்சலையின் மூக்கைப் பிடித்த கை. அதே கையால்தான் சாயங்காலம் சாந்தோமில் அக்கா கிளாடிஸின் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் அம்மைத் தடுப்பு மருந்து குத்தவில்லை.

“வேப்பிலை எங்கேயும் கட்டலையே?” என்றாள்.

நீரஜா வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அஞ்சலையின் குடிசைப் படல் சாத்தியிருந்தது. கூப்பிடாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன முதல் பாடம். மர்சலின் வெளியே நின்று பேசினாள்.

“சொர்ணம்மா, அஞ்சலைக்கு நான் எண்ணெ ஊத்தினது தப்பு. தெரியாம செஞ்சிட்டேன்.”

உள்ளேயிருந்து அஞ்சலையின் தாய் சொர்ணத்தின் குரல் வந்தது.

“தெரியாம செஞ்சியா? ஆத்தா வந்துகீற வூடு இது. முந்தாநாளு சின்னவனுக்கு முத்து போட்டிச்சி. நீ மீனெண்ணெய எம்பொண்ணு வாயில ஊத்தி அனுப்பிகீற. ராவெல்லாம் சின்னப்புள்ள அனத்திக்கினு கெடக்குது. அதுக்கு இன்னானா ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?”

எண்ணெயால் அம்மை ஏறாது என்று மர்சலினின் புத்தகம் சொல்லும். ஆனால் அந்தப் பிள்ளை செத்துப்போனால் இந்தச் சந்தில் யாரும் புத்தகத்தைக் கேட்கமாட்டார்கள். இனி எந்த ஊசியையும் கிட்டே விடமாட்டார்கள்.

“வேப்பிலை ஏன் கட்டலை?” என்று மட்டும் கேட்டாள்.

“கட்னா? வண்டிக்காரன் கண்ணுல படும். வேப்பிலையப் பாத்துத்தானே வூட்ட கண்டுபுடிக்கிறான்? போன வருசம் ஆத்தோரக் குப்பத்துலேந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனானுங்களே, எத்தினி புள்ளைங்க திரும்பிச்சி?”

“அப்போ வெளியாளுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. காத்தாலகூட மீன்காரி வந்தா. யாரும் வாங்கல. வாசல்ல குந்திக்கினு ஊர்க்கதை பேசினு போனா.”

மர்சலின் சந்து முனையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மீன்காரி இப்போது மயிலாப்பூரில் எந்தெந்த வாசலில் உட்கார்ந்திருப்பாளோ!

வேப்பிலைக் கொத்து இரண்டு வேலை செய்துவந்தது. வெளியாளிடம் ‘உள்ளே வராதே’ என்றது. மாநகராட்சி வண்டியிடம் ‘இந்த வீடுதான்’ என்றது. இரண்டாவதற்குப் பயந்து சந்து முதலாவதையும் விட்டுவிட்டது.

தொற்றுநோய் தெரிந்தால் அன்றே சுகாதார அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி வரும். வண்டியைக் கண்டால் சந்தே இருட்டோடு இருட்டாகக் கிளம்பி உறவுக்காரர் குப்பங்களுக்குப் போய்விடும், அம்மையும் கூடவே போகும். சொல்லாவிட்டால் இங்கேயே பரவும். அதற்கு மேல் ஒரு கணக்கும் இருந்தது. அம்மைக் கிருமி உடம்பில் நுழைந்தபின் பத்து நாளுக்கும் மேலாக உள்ளேயே பெருகும். குத்திக்கொண்டால் உடம்பு அதைவிடச் சீக்கிரம் தயாராகிவிடும். ஆகவே ஒட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் குத்தினால் ஊசி முந்தும். தாமதித்தால் நோய் முந்தும். பிள்ளைக்கு முத்து போட்டு இது மூன்றாம் நாள்.

“சொர்ணம்மா, வேப்பிலையை உங்க வாசல்ல கட்டாம, சந்து முனையில குறுக்கே கட்டினா?”

படல் ஒரு விரல்கடை திறந்தது. சொர்ணத்தின் முகம் முழுவதும் பழைய தழும்புகள்.

“சந்துக்கே கட்றதா? எந்த வூடுன்னு வண்டிக்காரனுக்குத் தெரியாதே?”

“தெரியாது.”

அம்மை குத்தும் அக்பர் பாஷா சைக்கிளில் மருந்துப் பெட்டியோடு தெற்கு மாட வீதியில் அகப்பட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“என்னைப் பாத்தா குப்பத்து நாய்கூட வாலை மடக்கினு ஓடுது. நீ சந்து மொத்தத்தையும் எனக்கு முன்னால நிறுத்தி வெக்கறேன்றே. சரி, வா. பெரியவர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.”

பெரியவர் என்றது சுகாதார அதிகாரியை. அவர் நெடுநேரம் யோசித்தார். நோயாளியைத் தனியாக வைத்துப் பார்க்க முடியுமானால் வீட்டிலேயே விடலாம் என்றார். “ஆனால் வேறொரு வீட்டில் முத்து கண்டால் அன்றைக்கே வண்டி வரும். அப்போது என்னிடம் வந்து அழக் கூடாது.”

பகல் சாய்வதற்குள் சந்து முனையில் குறுக்கே வேப்பிலை கோத்த கயிற்றுக் கொடி தொங்கியது. கொடிக்கு இந்தப் பக்கம் அக்பர் பாஷா பெட்டியைத் திறந்தார். அந்தப் பக்கம் சந்து மொத்தமும் நின்றது. யாரும் அசையவில்லை.

மர்சலின் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். குத்தும் கருவியின் முனையில் வட்டமாகச் சிறு பற்கள் உண்டு. தோளில் வைத்துத் திருகினால் தோல் கீறும், கீறலில் மருந்து இறங்கும். அக்பர் பாஷா திருகினார். மர்சலின் பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் யாரும் வரவில்லை.

பின்னாலிருந்து சொர்ணம் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த புடவை. கூட்டம் விலகி வழிவிட்டது.

“ஆத்தா வந்த வூட்டுக்காரி சொல்றேன். ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கினேன். கொடிக்கு அந்தாண்ட நடக்கறது ஆத்தாவுக்குக் குத்தமில்ல. குத்திக்குங்க.”

அஞ்சலை கொடியருகே வந்து நின்று மர்சலினின் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“எண்ணெ இல்லியே?”

“இல்லம்மா. வேப்பிலை இறக்குற வரைக்கும் எண்ணெயே கிடையாது.”

அவள் தோளைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் மெதுவாக ஒரு வரிசை நீண்டது.

இருட்டுவதற்குள் அக்பர் பாஷா மீன்காரிக்கும் குத்த அவளைத் தேடிப் போனார். மர்சலின் சாந்தோமுக்கு ஓடி, கிளாடிஸையும் குழந்தையையும் மறுநாள் காலை அம்மை குத்திக்கொள்ளக் கொட்டகைக்கு வரச் சொன்னாள். ஏன் குழந்தையைத் தூக்கவில்லை என்று அக்கா கேட்டாள். மர்சலின் உண்மையைச் சொன்னாள். கிளாடிஸ் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

சொர்ணத்தின் பிள்ளை பிழைக்குமா என்று தெரியவில்லை. வேறொரு வீட்டில் முத்து போடாது என்று சொல்லவும் யாரும் இல்லை. ஒவ்வொரு காலையும் சந்து முனைக்கு வரும்போது மர்சலினின் கால் தயங்கும். ஆனால் கொடி அங்கேயே தொங்குகிறது, சந்தை விட்டு ஒரு குடும்பமும் ஓடவில்லை.

ஏற்பாடு இதுதான். வேப்பிலை வீட்டு வாசலில் இல்லை, சந்து முனையில் இருக்கிறது. வெளியாள் உள்ளே போவதில்லை. மர்சலின் பால் பானையைக் கொடிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு விலகிக்கொள்வாள். ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மறுபடி வராது என்பதால், தழும்பு முகக்காரிகள் மட்டும் வந்து அதை எடுத்துப்போவார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அவர்களில் ஒருத்திதான். அம்மை குத்துவது கொடிக்கு வெளியே. எண்ணெய், கொடி இறங்கிய பிறகு.