மாடிருந்த வீட்டுக்கு உறைமோர்

1

இந்தக் கதை பிழை திருத்தப் போய்ப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் தேர்தல் வாடை அடித்தால் போதும், பெரிய மனிதர்களுக்கெல்லாம் முன்னோர் ஞாபகம் வந்துவிடும். எனக்கும் வேலை வந்துவிடும். குடும்ப வரலாறு எழுதிக் கொடுப்பவன் நான்.

2

‘பெயிண்டுக் கடை அதிபரும் மாநகராட்சிக் கவுன்சிலருமான முத்தப்பன் அவர்கள், செல்வச் செழிப்பும் தர்ம சிந்தனையும்...’

(சே! இது நோட்டீஸ். அடித்துவிட்டேன்.)

‘முத்தப்பனுக்கு இரண்டு தாய்கள்.’

(இது உண்மை. ஆனால் அவரே அடிக்கச் சொல்லிவிட்டார்.)

சின்ன வயதிலேயே அவரைப் பங்காளி வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள்; தத்துதான். இரண்டு வீடும் ஒரே கோயில் வழி, இளையாத்தங்குடிக் கோயில்தான். வளர்த்த மீனலோசனி ஆச்சி காலமாகிவிட்டார். பெற்ற சிகப்பி ஆச்சி அடுத்த தெருவில், இவருடைய வார்டிலேயே இருக்கிறார். ஓட்டுக் கேட்டுப் போனால், “வாங்க கவுன்சிலர், நல்லா இருக்கீகளா?” என்பார். இவரும் “இருக்கேன் ஆச்சி” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஆத்தா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

“நன்றியுரையில அவுக பேரையும் போடலாமேண்ணே?” என்று கேட்டேன்.

“வேணாம் சார். வளத்தவுக மனசு நோகும். போய்ச் சேந்துட்டாலும் நோகத்தான் செய்யும். எனக்கு ஒரே ஆத்தாதான்.”

இவ்வளவு நன்றியுள்ள அரசியல்வாதியை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? வில்லன் என்று ஒருத்தனாவது வேண்டாமா?

3

மெய்ப்புப் பார்க்கையில் மாட்டினார். ஓரிடத்தில், ‘எங்கள் வீட்டில் எப்போதும் கறவை மாடு உண்டு’ என்று சொல்லியிருக்கிறார். இன்னோரிடத்தில், ‘சாயங்காலமானால் உறைமோர் வாங்கிவர ஆத்தா என்னைச் சிகப்பி ஆச்சி வீட்டுக்கு அனுப்பும்.’ ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘மாடு கறக்கிற வீட்டுக்கு உறைமோர் எதற்கு? ஏதோ ஒன்று தப்பு. எதை நீக்கட்டும்?’

கடையில் வைத்துக் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“ஒரு சின்னச் செம்பு சார். தெனம் அதக் குடுத்து, ‘ஓடாத, பைய போ, நின்னு பேசிட்டு வா’ன்னு அனுப்பும் எங்க ஆத்தா.” சிவப்பு மை வரியின் மேல் விரலை வைத்தார். “ரெண்டும் தப்பில்ல சார். பெத்தவ கண்ணுல புள்ள தெனமும் படட்டும்னுல்ல அனுப்பியிருக்கு! இது தெரியாம நான் இம்புட்டு வருசமா...”

(மீனலோசனி ஆச்சியை நான் பார்த்ததே இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரக் கதைக்காரி. மகராசி, நன்றாக இருக்க வேண்டும் எங்கிருந்தாலும்.)

4

யோசித்துப் பார்த்த முடிவுகள்:

மேடையில் சிகப்பி ஆச்சிக்குப் பொன்னாடை, கைதட்டல், ஓட்டு... (த்தூ!)

இவர் அந்த வீட்டு வாசலுக்குப் போவதற்குள் சிகப்பி ஆச்சி... (மாட்டேன். அதற்கு எனக்குக் கை வராது.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் காரையும் கட்சிக்காரர்களையும் விட்டுவிட்டு, வீட்டிலிருந்த அந்தச் செம்போடு முத்தப்பன் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். சிகப்பி ஆச்சி கதவைத் திறந்தார். செம்பைத்தான் முதலில் பார்த்தார். வாங்க கவுன்சிலர் என்று சொல்லவில்லை.

“ஏன்டா, இன்னைக்கு இம்புட்டு நேரமாச்சு?”

முத்தப்பன் வாயைத் திறந்தார். நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதை நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வாயாலேயே ஒருமுறை கூப்பிடுங்கள்.

“(               )”