பதினாறாம் எண் பாட்டில்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. வாய்தான் நிற்காது. அன்று வெள்ளிக்கிழமை காலை, செல் வளர்க்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் பூனையை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பூனை என்பது சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நடந்து வந்தால் சத்தமே கேட்காது என்று நான் வைத்த பெயர் அது.

"கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு உனக்கு? மனுசன் குடுவைக்குள்ள நாய் எப்படி வந்துச்சு?"

வெளியாள் யாராவது கேட்டிருந்தால் எங்களைப் பைத்தியம் என்றிருப்பார்கள். நாங்கள் வளர்ப்பது என்றோ ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள். அவற்றின் மேல் ஒரு புரதம் உண்டு, உள்ளே நுழையும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நாங்கள் பம்ப் என்போம். மனித உடம்பிலும் அதே வேலை செய்யும் பம்ப் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதனால் மரபணுவை வெட்டி நாயின் பம்பை எடுத்துவிட்டு, மனிதப் பம்பை வைத்த செல்களையும் வளர்க்கிறோம். வெட்டாதது நாய், வெட்டியது மனுசன். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் எங்கள் அறையில் ஒரு சட்டம்: நாய்க்கு ஒரு பாட்டில், மனுசனுக்கு ஒரு பாட்டில். செல்களுக்குச் சாப்பாடான சிவப்புத் திரவம் அந்தப் பாட்டில்களில் இருக்கும். ஒன்றுக்கு ஊற்றிய பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாய் மற்றொன்றின் பாட்டிலைத் தொடவே கூடாது. ஒரு சொட்டு போதும். நாய் வேகமாக வளரும், இரண்டே மாதத்தில் மனுசனை மிதித்துத் தள்ளிவிட்டுக் குடுவை முழுக்க உட்கார்ந்துகொள்ளும்.

அதுதான் நடந்திருந்தது. அந்த வாரம் பழைய மனுசன் குடுவைக்கு வயதாகிவிட்டதென்று, உறைய வைத்திருந்த செல்லை எடுத்துப் புதுக் குடுவை தொடங்கினேன். புதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்றைத் திரும்பச் செய்வது வழக்கம். கைக்குக் கிடைத்தது ஒரு புதிய மூட்டுவலி மருந்து. இரண்டு வாரம் முன்பு பழைய குடுவையில் அந்த மருந்தைப் போட்டபோது பம்ப் அசரவே இல்லை. புதுக் குடுவையில் படுத்தேவிட்டது. பழைய குடுவையின் மரபணுவைச் சோதித்தேன். நாயின் பம்ப் முழுசாக இருந்தது; மருந்துக்கு அசராதது அதுதான்.

இது எதற்கு இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இதய நோயாளிகள் சாப்பிடும் ஒரு மாத்திரையை உடம்பிலிருந்து வெளியேற்றுவது இந்தப் பம்ப்தான். பம்பை மருந்து அடைத்துவிட்டால் மாத்திரை உள்ளேயே தேங்கும். தேங்கினால் விஷம். மூட்டுவலி மருந்தை ஓர் ஆஸ்பத்திரியில் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது வரும் திங்கட்கிழமை ஆரம்பம். இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சேர்க்கலாம், ஆபத்தில்லை என்று பழைய குடுவையை நம்பி ரிப்போர்ட் கொடுத்தது நாங்கள்.

பூனை கையில் வைத்திருந்த செல் பதிவேட்டைப் பிரித்து மேசையில் வைத்தான். எந்த நாளில் எந்தக் குடுவைக்கு எந்தப் பாட்டில் என்று எழுதும் புத்தகம். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. நாய்: பாட்டில் பதினாறு. அடுத்த வரியில், மனுசன்: பாட்டில் பதினாறு. பக்கத்தில் கையெழுத்து என்னுடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு மறக்காது. கையுறையோடு இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். "உங்க அண்ணனுக்கு வாந்தி நிக்கல. சுவரெல்லாம் மஞ்சளா தெரியுதுங்கறாரு." அண்ணன் சாப்பிடுவதும் அதே இதய மாத்திரைதான், தினம் அரை. சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே நாலைந்து நாள் திரும்பத் திரும்ப விழுங்கியிருக்கிறான். மிச்சமிருந்த மனுசன் குடுவைக்குக் கையிலிருந்த நாய்ப் பாட்டிலிலிருந்தே ஊற்றி, பழக்கத்தில் பதினாறு என்றும் எழுதிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவன் நாடி முப்பத்தெட்டு. ஐந்து நாள் அங்கேயே கிடந்தோம். எந்த விஷம் என் அண்ணனைச் சாய்த்ததோ, அதே விஷத்தை முன்கூட்டியே காட்ட வேண்டிய சோதனையை நானே கெடுத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இதை முன்னாடியே காட்டறதுக்கென்ன? நான் பாட்டுக்குக் கத்திட்டிருந்தேனே."

"நீங்க மூச்சு விட்டாத்தானேக்கா காட்ட முடியும்," என்றான் பூனை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். சோதனைக்கூடத்துக்குத் தலைவி அவர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கட்கிழமை ஆரம்பிக்கிறாங்க. இப்பப் போய் எல்லார் வயித்துலயும் புளியைக் கரைக்காதீங்க. இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பார்த்துட்டு, அடுத்த மாசம் ஒரு திருத்தம் அனுப்பலாம்."

"அடுத்த மாசம் வரைக்கும் அவங்க ரெண்டு மாத்திரையையும் சேர்த்து முழுங்கிட்டிருப்பாங்களே."

"ஆஸ்பத்திரியில டாக்டருங்க பார்த்துப்பாங்க. தப்பு யாருது?"

"என்னுது."

"அப்போ யோசிச்சுப் பேசுங்க. இருபத்திரண்டு வருஷமா எடுத்த பேரு. நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கறேன்."

ஒரு நிமிடம் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. மேடம் மேல் வந்த கோபத்தில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்காக என் மேலேயே வந்ததுதான்.

"என்னைக் காப்பாத்த வேணாம். அவங்களைக் காப்பாத்துங்க," என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மருந்தைக் கொடுத்துப் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரி டாக்டரின் எண் இருந்தது. நடைபாதையில் நின்றே கூப்பிட்டேன். அவர் என்னைப் போலில்லை, சுருக்கமாகப் பேசும் ஆள். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்த மாத்திரை சாப்பிடறவங்க பதினோரு பேர் இருக்காங்க. எழுத்துல குடுங்க, இப்பவே நிறுத்தறேன்," என்றார். நாலே வரி எழுதினேன். என் கையால் இரண்டு குடுவைக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றினேன், ரிப்போர்ட் தவறு, நம்ப வேண்டாம், இப்படிக்கு. பதிவேட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். சாயங்காலம் மேடம் என்னிடமிருந்து செல் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும் வரை வர வேண்டாமாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் கையை நீட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் மாத்திரை என் பொறுப்பு. அரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன மிளகா, வேலைக்குக் கிளம்பல? யாரைத் திட்டித் தொலைச்சே?"

சொன்னேன். அவன் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்போ என்னாலதான் எல்லாம். அன்னைக்கு நான் ஒழுங்கா இருந்திருந்தா நீ ஓடி வந்திருக்க மாட்டே."

"வாயை மூடிட்டு முழுங்கு. உன் தலையில கட்டிட்டுத் தப்பிக்கணும்னா வெள்ளிக்கிழமையே கட்டியிருப்பேன்."

அவன் விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். "நல்லவேளை, இன்னைக்கு நீ மஞ்சளா தெரியல. செவந்து போய்த்தான் இருக்கே," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் போன் அடித்தது. பூனை. குரலும் அவன் நடையைப் போலவே இருந்தது.

"அக்கா, மேடம் அந்தப் பழைய மனுசன் குடுவையைக் கொட்டிடச் சொல்றாங்க. பதிவேட்டுல அந்தப் பக்கத்தையும் புதுசா எழுதச் சொல்றாங்க. விசாரணைக்காரங்க பத்து மணிக்கு வர்றாங்களாம்."

"குடுவை எங்க இருக்கு?"

"என் கையில."

"கொட்டினே, கொன்னுடுவேன். பதிவேட்டையும் தொடாதே. சின்னக் குப்பிகள்ல பிரிச்சு உறைய வை. ஒவ்வொரு குப்பியிலயும் எழுது."

"என்னன்னு எழுதட்டும்? மனுசன்னா, நாய்னா?"

"அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போடு. பாட்டில் பதினாறுன்னு போடு. கீழ என் பேரைப் போடு."