மீனம்பாள் கேட்ட கணவாய்

"கூடையில இன்னா?" என்று கேட்ட போலீஸ்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆதிமூலத்தின் கால்களுக்கு நடுவே இருந்த பனையோலைக் கூடைக்குள் கையை விட்டுவிட்டார். பாண்டிச்சேரியில் சாராயம் தாராளம், எல்லை தாண்டினால் மதுவிலக்கு. வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்திப் புட்டி தேடுவது அவர் வேலை. வாழையிலைக்கும் ஐஸுக்கும் அடியில் வழவழவென்று எதுவோ விரலில் பட, புட்டியின் கழுத்துதான் என்று அழுத்திப் பிடித்தார். கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை கறுப்பு.

"இன்னாய்யா இது, இங்க்கு?"

"கணவாய் சார். மீனு மாதிரிதான். நசுக்கினா மை வுடும்."

"இத வச்சி இன்னா பண்ணப்போற?"

ஆதிமூலம் சுற்றிலும் பார்த்தான். பஸ்ஸே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சம்சாரம் முழுகாம இருக்குது சார். வாய்க்கு இதான் வேணும்னு கேட்டுச்சு" என்றான் சின்னக் குரலில்.

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரிக்க, பஸ் முழுக்க அது பரவியது. போலீஸ்காரர் விறைப்பாக இருக்கத்தான் பார்த்தார், மீசை கேட்கவில்லை. "என் பொஞ்சாதி மாங்காயோட நிறுத்திக்கிட்டா. நல்ல காலம்" என்று சொல்லிவிட்டு, ஆதிமூலத்தின் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். "ரைட், ரைட். ஐஸ் உருகுது பாரு, வுடுய்யா வண்டிய!"

ஆதிமூலத்துக்குச் செஞ்சி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மீனம்பாளுக்குத் தங்கிய கரு இது. முன்பு இரண்டு முறை வந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. இந்த முறை கரு தங்கியது, சோறு தங்கவில்லை. கஞ்சி, மோர், பன், ஆரஞ்சுப் பழம், பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா சுவருக்கு மேலே நீட்டிய எலுமிச்சை ஊறுகாய் எல்லாமே போன வழியே திரும்பி வந்தன. கையில் இறுக்கமாக இருந்த கண்ணாடி வளையல் இப்போது முழங்கை வரை ஏறி இறங்கியது. "இப்படியே போனா விழுப்புரம் ஆஸ்பத்திரியில கொண்டும்போயி சேர்த்து குளுக்கோஸ் ஏத்தணும். வயித்துல இருக்கறதுக்கும் தாங்காது" என்று நர்ஸம்மா சொன்ன அன்று, ஆதிமூலம் கடையில் ஒரு ட்யூபுக்கு ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டுப் போட்டான்.

நேற்றுச் சாயங்காலம்தான் அவள் தானாக வாய் திறந்தாள். "மொறுமொறுன்னு கணவாய் வறுவல் இருந்தா தின்னுவேன்னு தோணுது."

ஆதிமூலத்துக்குத் தெரிந்த கணவாய், இரண்டு மலைகளுக்கு நடுவே வழி விடுவது. "அத எப்டி வறுக்கறது?" என்று கேட்டேவிட்டான்.

மீனம்பாள் பாண்டிச்சேரிப் பெண். அவள் அப்பா ஒரு பிரெஞ்சு டாக்டர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டிலேயே, சோறு வடிப்பதற்கு முன்னால், கணவாயை வளையம் வளையமாக நறுக்கி வறுத்துக் கொட்டுவாராம். அடுப்பைச் சுற்றி நின்றபடியே பிள்ளைகள் தின்று தீர்ப்பார்களாம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் பிரான்சுக்குப் போய்விட்டான். "கடலு இல்லாத ஊருக்குப் பொண்ணக் குடுத்துட்டேன்" என்று மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது ஆதிமூலத்துக்கு இன்னும் உள்ளே உறுத்தும். விடிந்ததும் கடையைத் திறக்காமல் முதல் பஸ் ஏறிவிட்டான்.

மார்க்கெட்டில் மீன்காரம்மா, மசக்கைக்காரிக்கு என்று கேட்டதும், பெரிதையெல்லாம் ஒதுக்கிப் பிஞ்சாகப் பொறுக்கிப் போட்டாள். சுத்தம் செய்து தருகிறேன் என்றாள். செஞ்சி பஸ் ஹாரன் அடிப்பதுபோலக் காதில் விழவே, அப்படியே வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும்தான் அடுத்த சிக்கல். எண்ணெய் காயும் வாசனை பட்டாலே மீனம்பாளுக்குக் குமட்டும். ஆதிமூலமோ அதுவரை அடுப்பில் வெந்நீர்கூட வைத்தவனில்லை. கடைசியில், அவள் தோட்டத்துக் கோடியில் முருங்கை மரத்தடியில் முந்தானையால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்துகொள்வது, அங்கிருந்து சொல்லச் சொல்ல இவன் செய்வது என்று முடிவானது. அவள் குரல் சமையலறை வரை எட்டவில்லை. தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஹபீபுன்னிசா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, "நீ மெதுவா சொல்லு மீனு. நான் அண்ணனுக்குச் சொல்றேன்" என்றாள். ஹபீபுன்னிசாவின் குரல் மலைமேல் இருக்கும் செஞ்சிக் கோட்டைக்கே கேட்கும்.

"அண்ணே! தலையப் புடிச்சி இழுத்தா கொடலோட வந்துருமாம்! உள்ள கண்ணாடி மாதிரி தகடு ஒண்ணு இருக்குமாம், அதையும் உருவிடணுமாம்!"

உருவினான். மையில் கை, வேட்டி, அம்மி எல்லாம் கறுத்தன. தோலை உரித்துக் கழுவியதும் வெள்ளை வெளேரென்று குழாய் குழாயாக வந்ததைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்தது. ட்யூபை வெட்டிப் பழகிய கை. அரிவாள்மனையில் வைத்து, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் வளையம் வளையமாக நறுக்கித் தள்ளினான்.

"ஈரமே இருக்கக் கூடாதாம், துணியில ஒத்தி எடுக்கணுமாம்! அரிசி மாவு, மொளகாத்தூளு, மஞ்சத்தூளு, உப்பு! மாவுல பொரட்டி உதறிடணுமாம்!"

ஒத்தினான், புரட்டினான், உதறினான். மாவு மூக்கில் ஏறித் தும்மினான். இரும்புச்சட்டியில் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டு, "அடுத்து?" என்று கத்தினான்.

மரத்தடியில் மீனம்பாளின் உதடு அசைந்தது. ஹபீபுன்னிசா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு அறிவித்தாள். "கொஞ்சமா கொதிக்கற எண்ணெயில போடணுமாம்!"

சரி என்று, எண்ணெய் லேசாகச் சுட்டதுமே பாதிக் கணவாயை அள்ளிக் கொட்டினான். சத்தமே இல்லை. பாத்திரத்தில் முங்கிக் குளிப்பதுபோல அது பாட்டுக்குக் கிடந்தது. மாவு கழன்று எண்ணெய் கலங்கியது. சிவக்கட்டும், சிவக்கட்டும் என்று விறகைத் தள்ளித் தள்ளிக் காத்திருந்து, ஒருவழியாக நிறம் வந்ததும் அரித்து எடுத்து, ஒன்றை வாயில் போட்டான். பல் இறங்கவில்லை. இந்தக் கடைவாய்க்கு மாற்றினான், அந்தக் கடைவாய்க்கு மாற்றினான். கையால் பிடித்து இழுத்துப் பார்த்தான், நீண்டது. விட்டதும் சுருங்கியது.

தட்டோடு தோட்டத்துக்கு வந்து நின்றவன் முகத்தைப் பார்த்து மீனம்பாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இன்னாங்க?"

"வால்வு ட்யூப் மாதிரி இருக்குது மீனு. சைக்கிளுக்குத்தான் போடணும்." தட்டை அவள் பக்கம் நீட்டினான். "நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன். கொஞ்சமா கொதிக்கற எண்ணெயில…"

"யாரு அப்டிச் சொன்னது? கொதிக்கற எண்ணெயில கொஞ்சமா போடுன்னு இல்ல சொன்னேன்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "யா அல்லா" என்றாள். மீனம்பாளுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. வாந்தி வரப்போகிறது என்று பயந்து ஆதிமூலம் செம்புத் தண்ணீரை எடுக்க ஓடினான். வாந்தி இல்லை, சிரிப்பு. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தபடி செம்பும் கையுமாக அவன் நின்றான்.

சிரித்து முடித்தவள் எழுந்தாள். "வாங்க, மீதி இருக்குதில்ல" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை நிலைப்படி வரைக்கும் வந்து, அங்கேயே சாய்ந்து நின்றாள். எண்ணெய் புகையக் காயும்வரை கையை உயர்த்தி அவனை நிறுத்திவைத்தாள். கையை இறக்கினாள். அவன் ஒரு பிடி போட்டான். சட்டி படபடவென்று பொரிந்து கத்தியது. எண்ணெய் தெறித்து முழங்கையில் பட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தறது கொறையுது பாருங்க. இப்ப. எடுங்க, எடுங்க!"

சல்லிக்கரண்டியில் பொன்னிறமாக ஏறி வந்ததைத் தட்டில் கொட்டியதும் கலகலவென்று சத்தம் கேட்டது. ஆறுவதற்குள் மீனம்பாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அடுத்த நொடி சட்டென்று கையால் வாயைப் பொத்தினாள். ஆதிமூலம் செம்பை எடுக்கக் குனிந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஹபீபுன்னிசா, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்றாள்.

"சூடு" என்றாள் மீனம்பாள், வாய்க்குள் ஊதி ஊதி. பிறகு மென்றாள். மொறுக்கென்ற சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. விழுங்கினாள். அவள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ என்ன சொல்கிறார்கள் என்று கேட்பவள்போலச் சற்று நேரம் நின்றாள். அப்புறம் இன்னொன்றை எடுத்தாள்.

"அண்ணே, தின்றாளா?"

"தின்னுது தங்கச்சி" என்றான் ஆதிமூலம். திரும்பி நின்று அடுத்த பிடியைப் போட்டான். பிறகு இன்னொரு பிடி. இப்போது அவள் சொல்லாமலேயே அவனுக்குத் தெரிந்தது. எடுக்க எடுக்கத் தட்டு காலியாகிக்கொண்டே இருந்தது.

கடைசிப் பிடியை எடுத்துத் திரும்பியபோது நிலைப்படியில் அவளைக் காணவில்லை. உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை மடியில் கிடந்தது. ஒரு கையின் ஐந்து விரல்களிலும் வளையம் வளையமாகக் கணவாயை மாட்டிக்கொண்டு, சாளர வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தாள்.