மூக்கால் மூச்சு விடாதவள்

ஆப்பிரிக்கக் கடலோரத்துப் பெம்பா தீவின் மேற்குக் கரையில் ஃபாகி முங்கி எழாமல் போன மறுநாள் காலை, அவன் அக்கா மோசா படகின் பின்முனையில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். முங்குகிறவர்கள் மூக்கையும் சேர்த்து மூடி முகத்தில் மாட்டும் கண்ணாடி. உள்பக்கம் எச்சில் துப்பி, விரலால் வட்டமாகத் தேய்த்து, கடல்நீரில் ஒரு தரம் அலசிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். கண் இருந்தும் குருடுதான்.

ஆம்பளைகள் தேடுவார்கள், பொம்பளை துடைத்துக் கொடுப்பாள். அவளைப் படகில் ஏற்றியதே அம்மா அழுது கேட்டதால்தான். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மக்காமே மாமா கரையிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். இதே மோசா வருஷக்கணக்காக இந்தப் பாறைகளில் முங்கி எட்டுக்கால் பேய்க்கணவாய் குத்தி வீட்டுக்குச் சோறு போட்டவள் என்பது எல்லாருக்கும் வசதியாக மறந்துபோயிருந்தது.

மதியத்துக்குமேல் ஏறிய நீர் வற்றத் திரும்பும். திரும்பினால் பாறைகளுக்கு நடுவே ஓடும் கால்வாயின் இழுப்பு அவனை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் குளிப்பாட்ட உடம்பு இல்லை, புதைக்கக் குழி இல்லை. அது படகில் இருந்த மூவருக்கும் தெரியும்.

மக்காமே முங்கினார், எழுந்தார், கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஒன்றும் தெரியவில்லையாம், கண்ணாடி சரியில்லையாம். மோசா துப்பினாள். வாயில் எச்சில் இல்லை. நேற்றிலிருந்து அந்த வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. எச்சிலுக்குப் பதிலாகப் பல்பசையை எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

"இப்படித் தேய்ச்சா கீழ இருக்கிற மீனுக்கெல்லாம் பல்லு வெளுத்துரும்," என்றான் துடுப்பில் இருந்த கொம்போ. யாரும் சிரிக்கவில்லை. அவனே பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மாமா மறுபடி இறங்கினார். மறுபடி வெள்ளை. மறுபடி. ஒவ்வொரு தரமும் கடையையும், கண்ணாடி செய்தவனையும், பல்பசையையும் திட்டினார். நேற்று ஃபாகியோடு படகில் இருந்தவர் அவர்தான். பையன் இறங்கியதும் மேலே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர்.

அடுத்த தரம் கண்ணாடி கைக்கு வந்தபோது மோசா அதைத் துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடில ஒண்ணுமில்ல மாமா. நீ அழுவுற. அழுதா மூக்கு வழியாத்தான் மூச்சு வரும். நூறு தரம் துடைச்சாலும் ஆவி படியறது நிக்காது."

அவர் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். முகமெல்லாம் கடல்நீர். அதனால் அழவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"நான் எறங்குறேன்."

"ஒரே வீட்டுல ரெண்டு பேரக் கடலுக்குக் குடுத்துட்டு உங்கம்மா முன்னாடி நான் எப்பிடிப் போயி நிப்பேன் புள்ள?"

"ஒருத்தனையும் குடுக்காமப் போ. அதுக்குத்தான் கேக்குறேன்."

"நீ மட்டும் அழமாட்டியாக்கும்?"

"மாட்டேன்."

அந்த ஒரு சொல்லுக்குக் கொம்போ அவளைப் பார்த்த பார்வையை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்ற பார்வை. பார்க்கட்டும். அழுது முடிக்கிறவரைக்கும் கடலா காத்திருக்கும்? அவள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

வாயால் மட்டும் மூச்சு இழுத்தாள். தம்பியின் பெயரை நினைக்கவில்லை. கல், பாசி, பொந்து என்று மட்டும் நினைத்தாள். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. பிறகு, பெரிய பாறைக்கு அடியில், ஒரு கை பொந்துக்குள் சிக்கியபடி ஃபாகி இருந்தான். அவன் முகத்தில் கண்ணாடி அப்படியே இருந்தது. உள்ளே முழுக்கத் தண்ணீர். தண்ணீர் நிறைந்த கண்ணாடியில் ஆவி படியாது. அவன் கண்கள் துல்லியமாகத் தெரிந்தன, திறந்தபடி.

கயிற்றைக் கட்ட மட்டும்தான் மூச்சு மிச்சம் இருந்தது. அவள் அவன் கண்ணாடியைக் கழற்றி இமைகளை மூடிவிட்டுத்தான் கயிற்றைக் கட்டினாள். நெஞ்சு வெடிக்க மேலே வந்தாள். கயிற்றின் மறுமுனையை மாமா கையில் கொடுத்தாள்.

கரைக்கு வந்தபோது ஆம்பளைகள் வெள்ளைத் துணியோடு காத்திருந்தார்கள். கடலில் கிடந்த உடம்பைப் பெண்கள் பார்க்க வேண்டாம் என்று அங்கேயே மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டி, நேரே கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள். பெண்களுக்கு அங்கேயும் இடமில்லை.

வீட்டில் அம்மா பாயில் கிடந்தாள். கூடியிருந்தவர்கள் மோசாவுக்கு வழிவிட்டார்கள். அவள் கண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

அம்மா அவள் ஈரக் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றைத்தான்.

"அவன் கண்ணு தொறந்திருந்துதா?"

தூங்குவதுபோல் இருந்தான் என்று சொல்லிவிடலாம். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும். மோசாவுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"தொறந்துதான் இருந்துதும்மா. நான் மூடிட்டேன்."

அம்மா அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். விரல்களுக்கு நடுவே அம்மாவின் இமைகள் துடிப்பது மோசாவுக்குத் தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அழுகையும் வரவில்லை.