ஆர்லிஸின் கைக்கு அறுத்த கட்டை

ராய்ஸ் ட்வெய்ட் ஒரு துப்பாக்கி செய்யப்போகிறான் என்பது மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த சங்கதி. செய்து முடித்துவிட்டான் என்றுதான் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கறி பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாளைச் சமையலறை மேசையின் நீளத்துக்கு விரித்து, அதில் முழு அளவில் துப்பாக்கியை வரைந்து வைத்திருந்தான். அவன் மனைவி ஆர்லிஸ் அந்தத் தாள்மேல்தான் தட்டு வைத்தாள், அதன்மேல்தான் மாவு பிசைந்தாள். குழல் முனையில் காபிக் கோப்பையின் வட்டம், கட்டையில் குழம்புக் கறை. பனிக்காலத்தில் குழல் நீளும். பனி உருகினால் அழிரப்பர் எடுத்துக் கொஞ்சம் குறைப்பான். ராய்ஸின் தம்பி டெல்மர் காபி குடிக்க வரும்போதெல்லாம் தோட்டா ஒரு சுற்று பெருக்கும். ஆயிரம் கஜத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் நிற்கும் எல்க் மானை இந்தக் கரையிலிருந்தே சாய்க்க வேண்டும். அதுதான் திட்டம். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்றால் இதுதான்.

"இன்னும் ரெண்டு வருஷம் போனா பீரங்கி ஆயிடும். சக்கரம் வரையக் கொஞ்சம் இடம் விட்டு வை" என்பாள் ஆர்லிஸ். ராய்ஸ் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

சாமான் எல்லாம் சேர்த்து வைத்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். பழைய ராணுவத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய இரும்புப் பாகம் ஒன்று, கடையாத குழல் ஒன்று. கட்டிலுக்கடியில் கம்பளியில் சுற்றி, தோளில் அணைக்கிற பின்கட்டை செய்வதற்கென்று ஒரு வால்நட் மரக்கட்டை. அதன் ரேகையைப் பார்த்தால் யாருக்கும் கை வைக்க மனசு வராது. ராய்ஸுக்கும் வரவில்லை. அறுத்தால் அது வெறும் துப்பாக்கி ஆகிவிடும். அறுக்காதவரைக்கும் உலகத்திலேயே சிறந்த துப்பாக்கி அதுதான்.

அவனுக்கு ஒரு சாக்கும் இருந்தது. பெரிய கொம்புள்ள எல்க் கூட்டம் இருப்பது மேற்கு மலையில். அங்கே வேட்டையாட அரசாங்கம் குலுக்கல் போட்டு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சீட்டு தரும். ஆயுளில் ஒரு முறை விழுந்தாலே அதிர்ஷ்டம். சீட்டு விழட்டும், செய்கிறேன் என்பான் ராய்ஸ். வருஷா வருஷம் தன் பெயரைப் போடுவான். கூடவே ஆர்லிஸ் பெயரையும் போடுவான். ஊரில் எல்லாப் புருஷன்மாரும் செய்வதுதான். சட்டப்படி சீட்டு யார் பெயரில் வருகிறதோ அவர்தான் சுட வேண்டும். ஆனால் மனைவி பெயரில் விழுந்தால் புருஷன் சுடுவதும், அவள் பெயருள்ள சீட்டைக் கொம்பில் கட்டிக்கொண்டு வருவதும் அங்கே வழக்கம். வனக்காவலர் வீட்டிலேயே அப்படித்தான் என்று டெல்மர் சொல்லிச் சிரிப்பான்.

அந்த ஜூன் மாதம் சீட்டு விழுந்தது. ஆர்லிஸ் பெயரில்.

ராய்ஸ் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். டெல்மர் வந்தான், இருவரும் பழுப்புத் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணன் எந்தப் பாறையில் படுக்க வேண்டும், தம்பி எங்கிருந்து தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்று பேச்சு ஓடியது. அண்ணி வழக்கம்போல முகாமைப் பார்த்துக்கொள்வார்களாம். சீட்டுக்கு உரியவள் தொட்டி அருகே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு ஆர்லிஸ் கிழக்குச் சமவெளியில் தன் அண்ணன்மாரோடு காற்றில் படுத்துக்கிடந்து மான் சுட்டவள். கல்யாணமான பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் கூடாரத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். ஆண்கள் திரும்பி வந்து, சுட்டுத் தவறவிட்டதையும் வெற்றிபோலச் சொல்வார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே தட்டில் பரிமாறுவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். இங்கே ரெண்டு பூசாரிகள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என் பேர்ல வந்ததை நான்தான் சுடுவேன்."

டெல்மர் சிரித்துவிட்டான். "அண்ணி, இது கரண்டி இல்ல. ஒரு ஒதை ஒதைச்சா அடுத்த ஊர்ல போய் விழுவீங்க."

"நல்லதாப் போச்சு. பஸ் செலவு மிச்சம்." ஆர்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பனியில் வழுக்குகிற வண்டியையும் அதற்குள் கத்துகிற பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் அடக்குகிற கை அது.

ராய்ஸின் பென்சிலைப் பிடுங்கித் தாள்மேல் குனிந்தாள். குழலைக் குறைத்தாள். தோட்டாவை, டெல்மர் வந்து பெருக்குவதற்கு முன் இருந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். கட்டையின் முனையில் தடித்த ரப்பர் பட்டை வரைந்தாள். கடைசியாக ஆயிரம் கஜம் என்றிருந்ததை அடித்துவிட்டு ஐந்நூறு என்று எழுதினாள்.

ராய்ஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஐந்நூறுக்கு எதற்கு இவ்வளவு பெரிய துப்பாக்கி என்று கேட்டான்.

"ஐந்நூறுல எனக்கு நிச்சயம் இருக்கும். அதுக்கு மேல எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அடிச்சா அது ஒரே அடியில சாகணும். காயத்தோட ஓடிப்போய் எங்கேயோ கெடந்து சாகுறதுக்கு நான் சுடமாட்டேன்."

அன்றைக்கு ராய்ஸ் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் யாருக்குத்தான் வலிக்காது? ஆர்லிஸுக்கும் அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் கட்டிலுக்கடியிலிருந்து வால்நட் கட்டையை எடுத்துவந்து கொட்டகையில் வைத்தான். அவளைக் கூப்பிட்டு, முழங்கையை மடிக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து சுட்டுவிரல் நுனிவரை அளந்தான். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தான். கல்யாண மோதிரத்துக்குக்கூட அவன் இவ்வளவு கவனமாக அளந்ததில்லை. அவன் கைக்கு வேண்டியதைவிட நாலு விரற்கடை குறைவாக இருந்தது. கட்டையில் அந்த அளவில் கோடு போட்டான். ரம்பத்தை வைத்தான், எடுத்தான், மூக்கை உறிஞ்சினான், மறுபடி வைத்தான்.

"வெட்டினா ஒட்ட முடியாது, ஆர்லிஸ்."

"தெரியும். வெட்டு."

அவன் அறுத்தான்.

அதன் பிறகு அவன் கை ஓய்ந்ததே இல்லை. இத்தனை வருஷம் தாளில் கிடந்தது ஒரு கோடையில் உருவம் பெற்றது. சாயங்காலம் ஆனால் கொட்டகையில் கடைசல் இயந்திரம் பாடும். ஆர்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைக்கு எண்ணெய் தேய்ப்பாள். ஆகஸ்டில் கல் குவாரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். உதைத்தது, உண்மைதான். தோள் கன்றிப் போயிற்று. ஆனால் ஐந்நூறு கஜத்தில் வைத்த பீங்கான் தட்டு மூன்றாவது தோட்டாவில் தூளானபோது ஆர்லிஸ் எழுந்து நின்று, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு குதி குதித்தாள்.

டெல்மரால் சும்மா இருக்க முடியுமா? அண்ணியே தாங்குகிற துப்பாக்கி தனக்கெம்மாத்திரம் என்று வாங்கித் தோளில் வைத்தான். கட்டை குட்டை, அவன் கழுத்தோ நீளம். குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்திய ஸ்கோப் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. வேண்டாம் என்று ராய்ஸ் சொல்லி முடிப்பதற்குள் விசையை அழுத்திவிட்டான். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு அவன் புருவத்துக்கு மேல் அழகாக ஒரு பிறைநிலாவைக் கிழித்துவிட்டது. ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தவனுக்கு ஆர்லிஸ்தான் பஞ்சு வைத்துக் கட்டினாள்.

அக்டோபர் வந்தது. விடியும்போது மூன்று பேரும் மேற்கு மலையின் பாறையில் படுத்திருந்தார்கள். எதிர்ச்சரிவில் தீயில் கருகி நின்ற ஒற்றை மரத்தை ராய்ஸ் கோடையிலேயே அளந்து வைத்திருந்தான். அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஐந்நூறுக்குள்.

எல்க் வந்தது. கொம்பைப் பார்த்ததும் டெல்மருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் அது நின்றது மேலே, காட்டின் விளிம்பில். எண்ணூறு இருக்கும். சுடுங்க அண்ணி, சுடுங்க என்று டெல்மர் கிசுகிசுத்தான். ஆர்லிஸ் அசையவில்லை. எல்க் கொஞ்சம் மேய்ந்துவிட்டு மர நிழலில் கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. வெயில் ஏறியது. பள்ளத்திலிருந்து காற்று கிளம்பிப் புல்லைச் சாய்த்தது. எழுந்தால் எந்தப் பக்கம் போகுமோ, யாருக்குத் தெரியும்?

டெல்மர் அண்ணன் பக்கம் ஊர்ந்து போனான். "இது போனா செத்தாலும் திரும்பக் கெடைக்காது. வாங்கி நீயே சுடு. நீ வரைஞ்ச துப்பாக்கிதானே?"

ராய்ஸின் கை மெல்ல நீண்டதை ஆர்லிஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள். சட்டமும் சீட்டும் அந்தப் பாறைமேல் என்ன செய்யும்? அவன் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். இத்தனை வருஷம் அப்படித்தானே கொடுத்தாள்.

அந்தக் கை துப்பாக்கியைத் தொடவில்லை. தன் கோட்டைக் கழற்றி மடித்து, குழலுக்குக் கீழே ஆடாமல் செருகியது.

"அது அவ கைக்கு அறுத்தது" என்றான் ராய்ஸ். "நீ உன் நெத்தியத் தடவிப் பாத்துட்டுப் பேசு."

டெல்மர் தன் இடத்துக்கே ஊர்ந்து திரும்பினான்.

மதியம் சாயத் தொடங்கியபோது காற்று அடங்கியது. எல்க் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, ஓடைத் தண்ணீருக்காகக் கீழே இறங்கியது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. கருகிய மரத்தருகே வந்து நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மரத்தைத் தாண்டி முன்னே வந்து, பக்கவாட்டில் நின்றது.

ஆர்லிஸ் மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், அழுத்தினாள். மலை இடித்துத் திரும்ப இடித்தது. எல்க் மூன்று அடி நடந்தது, முன்னங்கால் மடங்கியது, அப்படியே சாய்ந்தது. மறுபடி ஓர் அசைவுகூட இல்லை.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ராய்ஸ் அவள் முதுகில் அறைந்துகொண்டே இருந்தான். இத்தனை வருஷக் கனவை வேறு ஒருத்தி சுட்டுவிட்டாளே என்ற வருத்தத்தை அவன் முகத்தில் தேடித்தான் பார்த்தாள். இல்லை. ஊரில் இனி யாரிடம் முதலில் சொல்லலாம் என்ற யோசனைதான் இருந்தது.

பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மேலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். ஆர்லிஸ் மண்டியிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அதற்கு ஒரு நன்றி சொன்னாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

மிருகத்தில் கத்தி படுவதற்கு முன்னால் சீட்டில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டியெடுத்து, சீட்டைக் கொம்பில் கட்ட வேண்டும். இத்தனை வருஷமும் செய்த பழக்கத்தில் ராய்ஸ் கத்தியை விரித்துக்கொண்டு, சீட்டுக்காக இன்னொரு கையை நீட்டினான். ஆர்லிஸ் தன் கையை நீட்டினாள்.

"கத்தியைக் குடு."

ராய்ஸ் பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தான். அவள் மாதத்தை வெட்டினாள், தேதியை வெட்டினாள், தன் பெயர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிக் கொம்பில் கட்டத் தொடங்கினாள்.

டெல்மர் கொம்பைச் சுற்றிச் சுற்றி வந்து ஓய்ந்தான். பசி வந்துவிட்டது. "ராத்திரிக்கு என்ன அண்ணி?" என்றான், வழக்கம்போல.

ஆர்லிஸ் முடிச்சை இறுக்கினாள்.

"உருளைக்கிழங்கு பச்சைப் பையில இருக்கு, டெல்மர். தோலை ரொம்பக் கனமாச் சீவாதே."