சுறா எண்ணெய் பூசிய பியானோ

"அப்பா, உதுக்குள்ளை ஆர் இருந்து வாசிக்கினம்?"

ஐந்து வயதில் மேர்சி இப்படிக் கேட்டாள். மீனவர் ஊரான குருநகரில், வீட்டின் முன்னறையில் அவளுடைய தகப்பன் பியானோவின் முன் அமர்ந்து, கைகளை மடியில் வைத்தபடி, கீழேயிருந்த இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தார். துளையிட்ட கடதாசிச் சுருள் ஒன்று உள்ளே மெல்லச் சுழல, கட்டைகள் தாமாகவே அமுங்கி எழுந்தன.

"காத்துத்தான் வாசிக்குது, பிள்ளை. நாங்கள் மிதிச்சுக் குடுத்தாப் போதும்."

இப்போது மேர்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. பியானோ ஊமையாகி முப்பது வருடமாகிறது. தை மாதம் மகள் ஜெசிதாவுக்குக் கலியாணம்; முன்னறை வேண்டும். பின்னேரம் தச்சர் வந்து பியானோவைப் பிரித்துப் பலகையைக் கொண்டுபோக ஏற்பாடு. அதற்குமுன், திருத்த முடியுமா என்று ஒருதரம் கேட்டுவிட மேர்சி ஆசைப்பட்டாள்.

உரும்பிராயிலிருந்து சுதாகரன் வந்தான். கோயில்களின் ஆர்மோனியப் பெட்டிகளைத் திருத்துகிறவன். முன்பலகையைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

"என்னக்கா, உள்ளுக்கை மீனே காயப்போட்டனீங்கள்? நான் கந்தசட்டி விரதமெல்லே!"

"ஐயோ தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாது."

அவன் மூக்கைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டான்.

"சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசிற மாதிரி வஞ்சகமில்லாமல் பூசியிருக்கினம். பலகையிலை ஒரு கறையான் இல்லை. ஆனால் துருத்தித் துணியும் றப்பர் குழாயும் ஊறிக் கூழாப் போச்சு. எல்லாத்தையும் புதுசாக் கட்டவேணும். ஆறு மாதம் எடுக்கும். யோசியுங்கோ அக்கா."

பியானோவைத் தூக்கக் கைகொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டு யாகப்பு தலை குனிந்தார்.

"உது மக்டலீன்ரை வேலை" என்றார். மக்டலீன் அவருடைய மனைவி. இறந்து இரண்டு வருடம்.

"இடம்பெயர்ந்து போன சனத்திலை நாங்கள் முதல் திரும்பி வந்தம். நீங்கள் வன்னியிலை. உங்கடை வீட்டுச் சுவரெல்லாம் கறையான். உங்கடை தேப்பன் ஆசையா வாங்கினதெண்டு, நீங்கள் வருமட்டும் ஆறு வருசமும் ஒவ்வொரு போத்தல் எண்ணெயோடை வந்து பூசுவா."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் வந்து மிதிச்சியள். சத்தம் வரேல்லை. தான்தான் பழுதாக்கிப் போட்டனெண்டு பயந்திட்டா. சாகுமட்டும் அந்தக் கவலை."

மேர்சி வந்து மிதித்த அந்த நாளுக்குப் பிறகு மக்டலீன் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. வாசல் படலையில் நின்றே கதைத்துவிட்டுப் போவாள். அதைப் பெருமை என்று நினைத்து, மேர்சியும் அவள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

சுதாகரன் துவாயை அவிழ்த்தான்.

"ஐயா, எண்ணெய் பூசாட்டிலும் உந்தத் துணியும் றப்பரும் இவ்வளவு காலம் நிண்டிராது. துணியை மாத்தலாம். கறையான் திண்டிருந்தா நான் என்னத்தைத் திருத்திறது? அவ பூசினபடியால்தான் இண்டைக்குத் திருத்த ஒரு சாமான் இருக்கு."

யாகப்பு சறத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மேர்சி தச்சருக்குத் தொலைபேசி எடுத்து, வரவேண்டாம் என்றாள்.

"அம்மா, அப்ப மாப்பிள்ளை வீட்டார் எங்கை இருக்கிறது?" என்று ஜெசிதா குசினியிலிருந்து கேட்டாள்.

"பந்தலிலை இருக்கட்டும்."

"உள்ளை வந்தா மீன் மணக்குமே!"

"குருநகரிலை பொம்பிளை எடுக்கிறவை, பழகத்தானே வேணும்!"

யாகப்புவே முதலில் சிரித்தார்.

அந்தக் கிழமை கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முதல் நாள், சனம் உறங்கும் மத்தியான வெயிலில், மேர்சி ஒரு வாளி சுண்ணாம்போடு சேமக்காலைக்குப் போனாள். யாகப்புவின் முழங்கால் குனிய விடாததால் மக்டலீனின் கல்லறை புல் மண்டிக் கிடந்தது. அவள் புல்லைப் பிடுங்கினாள். சிலுவைக்கும் மேடைக்கும் இரண்டு தரம் வெள்ளை அடித்தாள். பிறகு முழங்காலில் நின்று, மங்கிப்போன பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கறுப்பு மையால் நிரப்பினாள். கடைசி எழுத்து காயுமட்டும் காத்திருந்து, ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னாள். ஆட்கள் வரத் தொடங்குமுன் வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போய்விட்டாள்.